அங்காயி வீட்டுக் கறைத்துணி

ம் கொட்டணும், சரியா? கொட்டலைன்னா பாதியிலயே நிறுத்திடுவேன்.

ஒரே ஒரு ஊர்ல அங்காயின்னு ஒரு மாமியார். வாயாலயே ஊரை வித்துடுவா. கூடப் பொறந்த அண்ணன் மக பவளத்தைத்தான் மகனுக்குக் கட்டி வச்சிருந்தா. பவளத்துக்குப் பாப்பா பொறந்துச்சு. அப்புறம் பார்த்தா, பாப்பா நனைச்ச துணியெல்லாம் காயக் காயக் கன்னங்கரேல்னு கறுக்குது!

பவளம் சோப்பு போட்டு சரக் சரக்னு கசக்குனா. இன்னும் கறுத்துச்சு. அப்புறம் சலவை சோடா போட்டா. அதைவிடக் கறுத்துச்சு. அப்போ அங்காயி, "தள்ளுடி, துவைக்கத் தெரியாதவளே"ன்னு அடுப்புச் சாம்பலைக் கரைச்சு ஊத்தி, சளப் சளப்னு அடிச்சா. மை மாதிரி ஆயிடுச்சு. ம்?

"இது உன் ஆத்தா வீட்டுச் சாபம்டி. எங்க வம்சத்துல இப்படி உண்டா? துணியைக் கொல்லையில காயப்போடு, நாலு பேர் கண்ணுல படக்கூடாது. ஆஸ்பத்திரியில காட்டிட்டு, புள்ளையைத் தூக்கிக்கிட்டு உன் ஆத்தா வீட்டுக்கே போயிடு."

"நான் என்ன அத்தை பண்ணேன்?"னு பவளம் அழுதா. மனசு இரங்கலையே அந்தப் பாவிக்கு!

அப்புறம் ரெண்டு பேருமா பாப்பாவைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, அங்க டாக்டரம்மா சொன்னாங்க. பருப்பு, பால், முட்டையில எல்லாம் ஃபீனைல் அலனின்னு ஒரு சத்து இருக்காம். உடம்பு அதைத் தானா பண்ணிக்காது, சோத்துலதான் வரணும். வேணுங்கிறது போக மிச்சத்தை ஈரல் கொஞ்சம் கொஞ்சமா உடைச்சுத் தள்ளும். கான்கிரீட் போடுறப்போ சட்டியைக் கைமாத்தி விடுவாங்கல்ல? நடுவுல ஒரு ஆள் வரலைன்னா? பொதபொதன்னு அங்கேயே கொட்டும். பாப்பாவோட ஈரல்லயும் அப்படி நடுவுல ஒரு ஆள் இல்லை, கொட்டுறது ஒண்ணுக்குல போகுது. காத்து பட்டா கறுக்கும், சோப்பு, சோடா, சாம்பல் பட்டா இன்னும் கறுக்கும். தூங்கிட்டியா? ம் கொட்டு.

"இப்போ பயமில்லை. வயசானா முதுகும் மூட்டும் பிடிக்கும், காது கறுக்கும், அதனால வந்து காட்டிக்கிட்டே இருங்க. அப்பா வழி, அம்மா வழி, ரெண்டு பக்கமும் இருந்தாத்தான் இது வரும். உங்க வீட்டுல யாருக்காவது காது கறுத்திருந்துச்சா?"ன்னு டாக்டரம்மா கேட்டாங்க.

அங்காயிக்குத் திக்குன்னுச்சு. அவ அப்பாவுக்குத்தான்! கூன் விழுந்த முதுகு, நாவப்பழம் மாதிரி காது. வெயில்ல காஞ்ச காதுன்னு ஊரே சொல்லுச்சு, அவளும் நம்புனா. மகனுக்கு அவ வழியா வந்துச்சு, பவளத்துக்கு அண்ணன் வழியா வந்துச்சு. ரெண்டு பக்கமும் அவ அப்பாதான்! ஐயோ, வெக்கம் பிடுங்கித் தின்னுச்சு. திரும்பி வர்றப்போ பஸ்ஸுல பவளத்தோட முகத்தைப் பார்க்க முடியலை. முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டே வந்தா.

வீட்டுக்கு வந்ததும் பவளம், "கிளம்புறேன் அத்தை"ன்னு பையை எடுத்தா. அங்காயி வெடுக்குன்னு அதைப் பிடுங்கி உள்ள வச்சா. "பேசக் கூடாததைப் பேசிட்டேன்டி. நீ எங்கயும் போகக் கூடாது."

அப்புறம் விறுவிறுன்னு கொல்லைக்குப் போயி, துணி மொத்தத்தையும் அள்ளிட்டு வந்து, தெருவாசல் கொடியில பட் பட்னு உதறி விரிச்சா. எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தா.

"என்ன அங்காயி, இம்புட்டுக் கறை?"

"எங்க அப்பன் வீட்டுச் சீதனம்"னா அங்காயி, தலை நிமிராம.

அம்புட்டுத்தான் கதை. துணி காயட்டும், நீ கண்ணை மூடு.