தங்கபுஷ்பம் பார்த்த நீர்யானை

கொட்டாங்குளம் எங்கே இருக்கிறது என்று கொட்டாங்குளத்துக்காரர்களைக் கேட்டால், "இங்கேதான்" என்பார்கள். அதற்கு மேல் சொல்லத் தெரியாது, சொல்லவேண்டிய தேவையும் அவர்களுக்கு வந்ததில்லை. நல்ல ஜனங்கள். சொன்னதைக் கேட்பார்கள், கேட்டதை அப்படியே செய்வார்கள். கஷ்டமெல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கும்.

அந்த ஊர்க் கொம்பையாவுக்கு ஒரு பெரிய கவலை வந்து சேர்ந்தது. அவன் பெண்டாட்டி தங்கபுஷ்பம் நீர்யானை பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டாள். ஆசையாகச் சொல்லியிருந்தால் இரண்டு வருஷம் தள்ளிப்போட்டிருக்கலாம். அவள் தீர்மானமாகச் சொன்னாள்.

"இந்தா பாருங்க. கல்யாணம் ஆன நாள்லேருந்து என்னைய ஒரு இடத்துக்கு உருப்படியாக் கூட்டிட்டுப் போனதில்லை. வர்ற ஞாயித்துக்கிழமை நான் நீர்யானையைப் பாக்கணும். பாக்கலைன்னா எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். போனா வரமாட்டேன்."

அண்ணன் சிவனைந்தன் வீடு அடுத்த வீடுதான். நடுவில் ஒரு முள்வேலி, அவ்வளவே. ஆனாலும் கோபித்துக்கொண்டு போனால் அது எவ்வளவு தூரம் என்பது கட்டிக்கொண்டவனுக்குத்தான் தெரியும். அவள்மேல் கொம்பையாவுக்கு உயிர். அதை அவளிடம் சொல்வதற்குத்தான் இதுவரை தோதுப்படவில்லை.

அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. முந்தின வருஷம் எல்லோரும் குற்றாலம் போனார்கள். அருவிக்கு அடியில் நிற்கும்போது ஜாக்கிரதையாக இருங்கள் என்று யாரோ சொல்ல, ஆளுக்கொரு குடை பிடித்துக்கொண்டு குளித்துவிட்டு, தலை நனையாமல் பத்திரமாகத் திரும்பி வந்தார்கள். தங்கபுஷ்பம் ஆசையாக எடுத்துப்போன சீயக்காய் அப்படியே வீடு வந்து சேர்ந்தது.

இந்தத் தடவை அப்படி ஆகிவிடக்கூடாது என்று கொம்பையா, நகரத்து ஜூவில் வேலை பார்க்கிற இசக்கிமுத்துவுக்குப் போன் போட்டான். தூரத்துச் சொந்தம். அன்றைக்கு எனக்கு லீவு, ஆனாலும் யோசனை சொல்கிறேன் என்று இசக்கிமுத்து வஞ்சகமில்லாமல் சொன்னான்.

"அண்ணாச்சி, இது நம்ம ஊர்ச் சந்தை மாதிரி இல்ல. காடு மாதிரி கிடக்கும். ஒரே நாள்ல எல்லாத்தையும் பாக்க ஆசைப்படாதீங்க. எதைப் பாக்கணும்னு முன்னாடியே முடிவு பண்ணிருங்க. அதை மட்டும் பாருங்க, மத்ததை விட்டுருங்க. அப்புறம், கூட்டத்துக்கு முன்னாடி வந்துருங்க."

கொம்பையா இதை ஒரு எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்துகொண்டான். சாயங்காலம் ஆலோசனைக் கூட்டம் கூடியது. கூட்டம் என்றால் கொம்பையா, தங்கபுஷ்பம், சிவனைந்தன், வேன் ஓட்டுகிற பூல்பாண்டி. சிவனைந்தன் கொஞ்சம் கனத்த உடம்பு, முழு வழுக்கை, மழுமழுவென்று சவரம் செய்த முகம். தங்கச்சி கோபித்துக்கொண்டு வந்தால் தன் வீட்டில்தானே வந்து உட்காருவாள் என்று அவனுக்கும் உள்ளூரப் பயம். பூல்பாண்டிக்கு முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. அதனால் எங்கே கூப்பிட்டாலும் வருவான்.

"நான் புலி," என்றான் பூல்பாண்டி.

"எனக்குக் குரங்கு," என்றான் சிவனைந்தன்.

"குரங்கு நம்ம ஊர்லயே கிடக்கே மச்சான்."

"நம்ம ஊர்க் குரங்குக்கு நம்மளைத் தெரியும் மாப்ள. தெரியாத குரங்கு நம்மளை எப்படிப் பாக்குதுன்னு பாக்கணும்ல."

கொம்பையா மீசையைத் தடவிக்கொண்டு, தனக்கு ஒட்டகச்சிவிங்கி என்றான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அதன்மேல் ஒரு கண். தங்கபுஷ்பம் சொல்லவேண்டியதை முன்னமே சொல்லியாயிற்று.

"சரி," என்றான் பூல்பாண்டி. "மத்ததைப் பாக்கக்கூடாதுன்னு இசக்கிமுத்து சொல்லிட்டாரு. புலிகிட்டப் போற வழியில மான் நின்னா என்ன பண்றது?"

"தள்ளி நிக்கச் சொல்லணும்," என்றான் சிவனைந்தன்.

"மான் கேக்குமா அண்ணாச்சி?"

"கேக்காதுதான். நம்ம வீட்டு மாடே கேக்கலை."

எல்லோரும் கன்னத்தில் கைவைத்து யோசித்தார்கள். கடைசியில் கொம்பையாதான் வழி கண்டுபிடித்தான். வாசலில் நுழையும்போதே எல்லோரும் துண்டால் கண்ணைக் கட்டிக்கொள்வது. அவரவர் மிருகம் வரும்போது அவரவர் மட்டும் அவிழ்த்துப் பார்ப்பது, பார்த்ததும் திரும்பக் கட்டிவிடுவது. இவ்வளவு பெரிய யோசனை தன் தலைக்குள் எப்படி வந்தது என்று கொம்பையாவுக்கே மலைப்பாக இருந்தது. தங்கபுஷ்பம்கூட அவனைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்த மாதிரி தெரிந்தது.

"காக்கா பறந்தா?" என்று கேட்டான் பூல்பாண்டி.

"காக்கா ஜூக்காரனுக்குச் சொந்தமில்ல. அதைப் பாக்கலாம்."

"கண்ணைக் கட்டிக்கிட்டுக் காக்காவை எப்படி அண்ணாச்சி பாக்கிறது?"

"பாக்கலாம்னுதான் சொன்னேன். பாத்தே ஆகணும்னு சொல்லலையே."

சனிக்கிழமை ஒத்திகை நடந்தது. நாலுபேரும் கண்ணைக் கட்டிக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தார்கள். சிவனைந்தன் வைக்கோற்போரில் மோதி அதற்குள்ளேயே கொஞ்ச தூரம் போய்விட்டான். பூல்பாண்டி யாரோ பந்தலுக்கு ஊன்றியிருந்த மூங்கிலிடம் வெகுநேரம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். கொம்பையா சாக்கடையில் இறங்கினான், இறங்கியபின் நின்று யோசித்து ஏறினான். வீடு வந்து கணக்குப் பார்த்தபோது, நாலுபேரில் ஒருவர்கூட எதையும் பார்த்திருக்கவில்லை. ஒத்திகை பரிபூரண வெற்றி என்று முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே பூல்பாண்டியின் வேன் ஜூ வாசலில் போய் நின்றது. ஒரு ஈ காக்கா இல்லை. வாசல் காவலாளி, "சீக்கிரமா வந்துட்டீங்க, கேட் திறந்ததும் போகலாம்," என்றார். கேட்டும் திறந்தது. ஆனால் கொம்பையா நகரவில்லை.

"கூட்டத்துக்கு முன்னாடி வரணும்னு சொல்லியிருக்கு. கூட்டம் எங்க?"

"கூட்டம் இன்னும் வரலையே மாப்ள."

"அப்போ நாம எதுக்கு முன்னாடி போறது? கூட்டம் வரட்டும். வந்ததும் அதுக்கு முன்னாடி போவோம்."

காத்திருந்தார்கள். வெயில் ஏறியது, கூட்டமும் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், கல்யாணக் கோஷ்டி, பக்கத்து மாநிலத்துச் சுற்றுலா பஸ் என்று வரிசை ரோடு வரைக்கும் நீண்டது. அப்போதுதான் கொம்பையாவுக்குத் திருப்தி வந்தது. எல்லோரும் கண்ணைக் கட்டிக்கொண்டார்கள். தங்கபுஷ்பத்துக்கு மட்டும் கொம்பையாவே தன் கையால் கட்டிவிட்டான். அவிழ்ந்துவிடக்கூடாதே என்று காளைமாட்டுக்குப் போடுகிற முடிச்சாகப் பார்த்துப் போட்டான்.

நாலுபேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு முன்னால் போய் நின்றபோது, யாரும் ஒரு வார்த்தை சண்டை பிடிக்கவில்லை. "பாவம், வழி விடுங்கப்பா," என்று ஒருவர் சொன்னார். ஒரு அம்மாள் தங்கபுஷ்பத்தின் கையில் இரண்டு வாழைப்பழத்தைத் திணித்தாள். நகரத்து ஜனங்கள் இவ்வளவு தங்கமானவர்கள் என்று நமக்கு யாருமே சொல்லவில்லையே என்று கொம்பையா நெகிழ்ந்துபோனான்.

உள்ளே சுற்றிக்காட்டுகிற பேட்டரி வண்டியில் அவர்களை ஏற்றிவிட்டார்கள். அதை ஓட்டுகிற பெண் ஜெசிந்தா இளகின மனசுக்காரி. இவர்களைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து கேட்டாள்.

"அண்ணா, கண் ஆஸ்பத்திரியிலேருந்து வர்றீங்களா?"

"இல்லம்மா. ஜூ பாக்க வந்திருக்கோம்."

ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவர்களுக்காக இன்றைக்கு ஒவ்வொன்றையும் வாயாலேயே வரைந்து காட்டிவிடுவது என்று வண்டியைக் கிளப்பினாள். "இடது பக்கம் புள்ளி மானுங்க. மஞ்சள் உடம்புல வெள்ளைப் புள்ளி, குட்டி ஒண்ணு அம்மாவை ஒட்டி நிக்குது."

கொம்பையா பதறிவிட்டான். "சொல்லாதம்மா, சொல்லாத. மான் எங்க திட்டத்துல இல்ல. அது காது வழியாவும் உள்ள வரக்கூடாது. எல்லாரும் காதைப் பொத்துங்க."

ஆளுக்கு இரண்டு விரலைக் காதுக்குள் விட்டுக்கொண்டார்கள். பிடிமானம் இல்லாததால் வண்டி திரும்பும்போதெல்லாம் நாலுபேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். ஜெசிந்தா சொல்லிக்கொண்டே போனாள். கரடி வந்தது, போனது. புலியும் வந்தது. பூல்பாண்டி பிறந்ததிலிருந்து பார்க்க ஏங்கிய புலி கம்பிக்கு ஓரமாகவே வந்து நின்று கொட்டாவி விட்டது. பூல்பாண்டி காதை இறுகப் பொத்திக்கொண்டு, புலி எப்போது வரும் என்று ஆவலாக உட்கார்ந்திருந்தான்.

மரத்தடியில் வண்டி மெதுவாகப் போனபோது கிளையிலிருந்து ஒரு குரங்கு இறங்கி, சிவனைந்தன் கண்ணில் கட்டியிருந்த துண்டை உருவிக்கொண்டு ஏறியது. சிவனைந்தன் அதைப் பார்த்தான். அது சிவனைந்தனைப் பார்த்தது.

அவன் கொம்பையாவின் விரலைக் காதிலிருந்து பிடுங்கிவிட்டுச் சொன்னான். "மாப்ள, என் குரங்கைப் பாத்துட்டேன்."

"கூண்டுக்குள்ளயா?"

"வெளிய. மரத்துல."

"அப்போ அது சேராது. கூண்டுக்கு வெளிய இருந்தா அதுவும் நம்மளை மாதிரிப் பாக்க வந்ததுதான். அது உங்களைப் பாத்துட்டுப் போயிருக்கு, அவ்வளவுதான்."

சிவனைந்தன் வருத்தத்தோடு இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொண்டான். அப்புறம் காதுக்குக் கை இல்லையே என்று தவித்தான்.

பிடுங்கின விரலைத் திரும்பக் காதில் விடப்போன கொம்பையாவுக்கு அப்போதுதான் சுருக்கென்றது. எல்லோரும் காதை அடைத்துக்கொண்டால் நீர்யானை வருவதை யார் சொல்லுவார்கள்? இதற்குள் போயே போயிருந்தால்? முள்வேலிக்கு அந்தப் பக்கம் தங்கபுஷ்பம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது கட்டின கண்ணுக்குள்ளேயே தெரிந்தது. வருவது வரட்டும் என்று ஒரு காதைத் திறந்தே வைத்தான்.

"வலது பக்கம் ஒட்டகச்சிவிங்கி," என்றாள் ஜெசிந்தா. "இடது பக்கம் நீர்யானைக் குளம். வண்டி இங்க கொஞ்ச நேரந்தான் நிக்கும்."

கொம்பையாவின் கை தன் துண்டுக்குப் போனது. எத்தனை வருஷத்து ஒட்டகச்சிவிங்கி. ஆனால் பக்கத்தில் தங்கபுஷ்பம் காதைப் பொத்திக்கொண்டு, ஒன்றும் தெரியாமல், எங்கேயோ முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தாள். கையை மடக்கி, தடவித் தடவி அவள் முடிச்சைப் பிடித்தான். காளைமாட்டு முடிச்சு லேசில் அவிழுமா? நகத்தால் கீறினான், பல்லால் கடித்து இழுத்தான். முடிச்சு அவிழ்ந்த நேரத்தில் ஒட்டகச்சிவிங்கி கொட்டகைக்குள் போய்விட்டது என்று ஜெசிந்தா சொன்னாள். கொம்பையாவுக்கு அழுகை வந்தது. வந்ததைத் துண்டு குடித்துக்கொண்டது. அவள் விரலைக் காதிலிருந்து எடுத்துவிட்டான்.

"புஷ்பம், உன்னோடது வந்துட்டு. பாரு."

அவன் தன் துண்டை அவிழ்க்கவில்லை. நீர்யானை அவன் திட்டத்தில் இல்லையே.

"தெரியுதா?"

"தண்ணிதான் தெரியுது."

"நல்லாப் பாரு."

"நல்ல தண்ணிதான்."

கொம்பையா கொட்டாங்குளத்துச் சாமிகளையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டான். திடீரென்று தண்ணீர் பிளந்துகொள்கிற சத்தமும், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூச்சலும் கேட்டன. அவன் தோளை ஐந்து விரலும் பதியும்படி தங்கபுஷ்பம் பிடித்தாள். அப்புறம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "கட்டிவிடுங்க," என்றாள்.

"ஏன், பாக்கலையா?"

"பாத்துட்டேன். முழுசா உள்ள இருக்கு. கண்ணைத் திறந்தா வேற ஏதாவது வந்து இதைத் தள்ளிரும்."

அவள் வேனிலும் கட்டை அவிழ்க்கவில்லை, வீட்டுக்கு வந்தும் அவிழ்க்கவில்லை. ஆனால் வந்தது கொம்பையா வீட்டுக்குத்தான். அவனுக்கு அதுவே போதும் என்றிருந்தது. அவன் முகம் வாடியிருந்ததை அவள் எப்படியோ தெரிந்துகொண்டாள்.

"நீங்க ஒண்ணையும் பாக்கலைல்ல?"

"பரவாயில்ல புஷ்பம்."

"வாங்க. கிட்ட வந்து பாருங்க. சீக்கிரம்."

பல்புக்குக் கீழே அவளை உட்காரவைத்துக் கட்டை அவிழ்த்தார்கள். அவள் இமைக்காமல் கண்ணை அகல விரித்தாள். கொம்பையா மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்து பார்த்தான். கருவிழிக்குள் சின்னதாக அது நின்றது.

"இருக்கு," என்றான் மெதுவாக. "கட்டம்போட்ட சட்டை போட்டிருக்கு. நீர்யானைக்கு மீசை உண்டுன்னு எனக்கு இத்தனை நாளாத் தெரியாது."

சிவனைந்தன் அவனைத் தள்ளிவிட்டுப் பார்த்தான். "மீசை எங்க மாப்ள இருக்கு? மழுமழுன்னு, முழு வழுக்கை. ஆனா நல்ல கம்பீரம்."

பூல்பாண்டி பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். "நீங்க சொன்ன ரெண்டும் இல்ல. இதுக்கு இன்னும் கல்யாணம் ஆகலை. முகத்தைப் பாத்தாலே தெரியுது."

"அப்போ எத்தனைதான் இருக்கு?" என்றாள் தங்கபுஷ்பம்.

"மூணு."

"நான் பாத்தது ஒண்ணுதானே."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரையும் கேட்காமல் ஜூவிலிருந்து இரண்டு நீர்யானையைக் கூடுதலாகக் கொண்டுவந்துவிட்டோம் என்று தெரிந்தபோது, பூல்பாண்டி ஓடிப்போய் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டான்.

மறுநாள் காலையில் பூல்பாண்டியின் வேன் திரும்பவும் நகரத்துக்குக் கிளம்பியது. நடுவில் தங்கபுஷ்பம், கண்ணில் கட்டு. வழுக்கையையும் கல்யாணம் ஆகாததையும் திருப்பிக் கொடுத்துவிடலாம், மீசைக்காரனை மட்டும் உயிரே போனாலும் கொடுக்கமாட்டேன் என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கொம்பையாவுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. அவன்கிட்ட அப்படி என்னதான் இருக்கு என்று வழிநெடுக மீசையை முறுக்கிக்கொண்டே வந்தான்.