சாத்தன் துரத்திய எட்டுக்கால் பூச்சி

அரசர்கள் யானைமேல் ஊர்வலம் போன காலத்தில், ஆற்றங்கரை ஊர் ஒன்றில் சாத்தன் என்ற மிளகு வியாபாரி இருந்தான். இது சிரிக்கிற கதை இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிரிக்க வந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

சாத்தனின் மனைவி பிரசவத்திலேயே போய்விட்டாள். அவள் விட்டுப்போன ஒரே மகள் நங்கைதான் அவனுக்கு உயிர். காட்டுவழியில் கள்வருக்கே அஞ்சாத அந்த மனிதன், எட்டுக்கால் பூச்சி என்றால் மட்டும் நடுங்குவான். உள்ளங்கை அகலத்துக்குச் சுவரில் அப்பிக்கொண்டிருக்குமே, அந்தப் பெரிய பூச்சி! அது கடித்தால் ஆள் பிழைக்கமாட்டான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான்.

ஒரு மத்தியானம், அடுப்புக்கு விறகு எடுக்கப் போன நங்கை, "சுருக்குன்னுச்சு அப்பா!" என்று கையை உதறிக்கொண்டு அலறினாள். சாத்தன் ஓடிவந்தான். விறகுக் குவியலிலிருந்து ஒரு பெரிய எட்டுக்கால் பூச்சி விறுவிறுவென்று சுவரேறுவதைப் பார்த்தான். அவ்வளவுதான், வேறு எதையும் அவன் பார்க்கவில்லை.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. விஷக்கடி என்றால், கடித்ததை அடித்து வைத்தியரிடம் கொண்டுபோகவேண்டும். அதைப் பார்த்துத்தான் அவர் மருந்து அரைப்பார். சாத்தன் விளக்குமாற்றைத் தூக்கினான்.

பூச்சி உத்தரத்துக்குப் பின்னால் ஒளிந்தது. "அப்பா, கை வீங்குது" என்றாள் நங்கை. "இரு கண்ணு, இதோ அடிச்சிடறேன்" என்றான்.

பூச்சி நெற்குதிருக்குப் பின்னால் ஒளிந்தது. "அப்பா, கண்ணைத் திறக்க முடியலை" என்றாள். "கொஞ்சம் பொறு தாயி" என்றான்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுத் தேவந்தி வந்தாள். நிறைமாதக்காரி, பிள்ளையைத் தூக்க அவளால் ஆகாது. "அடப்பாவி! பிள்ளையைத் தூக்கிட்டு ஓடுய்யா முதல்ல!" என்று கத்தினாள். "வெறுங்கையோட போனா வைத்தியர் எதைப் பார்த்து மருந்து கொடுப்பார்?" என்று அவன் சீறினான்.

பூச்சி மிளகு மூட்டைக்குப் பின்னால் ஒளிந்தது. நங்கை ஏதோ சொன்னாள். நாக்குத் தடித்துப்போய் ஒன்றும் விளங்கவில்லை. சாத்தன் மூட்டையை இழுத்துத் தள்ளி ஓங்கி ஒரே போடு போட்டான். பூச்சி செத்தது. அந்த நேரத்தில் அவனுக்குச் சந்தோஷம்கூட வந்தது, பாவம்.

பூச்சியை இலையில் பொதிந்துகொண்டு, மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான்.

வைத்தியர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஓரமாகத் தள்ளினார். நங்கையின் கையைத் திருப்பினார். அடுத்தடுத்து இரண்டு பல் தடம் பதிந்திருந்தது.

"நல்ல பாம்பு" என்றார். "கடிவாயைப் பார்க்கலையா சாத்தா? இந்தப் பூச்சி கடிச்சா கொஞ்ச நேரம் கடுக்கும், தடிக்கும். இதால ஒரு உயிர் போய் நான் பார்த்ததே இல்லை. உடனே கொண்டுவந்திருந்தா ஏதாவது செஞ்சிருப்பேனே!"

நங்கையின் மூச்சு அடங்கியிருந்தது. வீடு முழுக்கச் சாத்தன் பூச்சியைத் துரத்தியபோது, பாம்பு அதே விறகுக்குள் நிம்மதியாகச் சுருண்டு கிடந்தது.

கேட்டவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: அருவருப்பான ஒன்றின்மேல் ஆராயாமல் பழிபோடுகிறவன், மெய்யான ஆபத்துக்குத் தானே வழிவிடுகிறான்.