மேல் வாசலும் கீழ் வாசலும்

மழைக்குப் பேர்போன ஒரு காட்டில், வீடில்லாத விலங்குகளுக்கு வீடு அமைத்துத் தரும் தர்ம சபைகள் இரண்டு இருந்தன. இரண்டுமே பாட்டன் பூட்டன் காலத்தவை. முள்ளம்பன்றியின் வளைச் சபை மண்ணைத் தோண்டி வளை தரும். மரங்கொத்தியின் பொந்துச் சபை மரத்தைக் குடைந்து பொந்து தரும்.

"இரண்டும் ஒன்றாகிவிடலாமே" என்று கோடைதோறும் தலைவர்கள் கூடிப் பேசுவார்கள். யார் பெரியவர் என்பதில் பேச்சு முறியும். முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு பக்கம் போகும். மரங்கொத்தி கொண்டையைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் பறக்கும்.

அந்த வருஷம் மழைக்கு முன்பே சூறைக்காற்று வந்து, அணில் குடியிருந்த மரத்தைச் சாய்த்துவிட்டது. அணிலின் பின்னங்கால் ஒடிந்தது. நல்லவேளையாக மூன்று குட்டிகளும் பிழைத்தன. அவற்றைச் சருகுக்குள் ஒளித்து வைத்தது அணில். மேலே பருந்து வட்டமிட்டதைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் சருகை அள்ளி மூடியது.

நொண்டிக்கொண்டே பொந்துச் சபைக்குப் போனது.

"தாராளமாகத் தருவோம்" என்றது மரங்கொத்தி. "ஆனால் எங்கள் பொந்தெல்லாம் உயரத்தில்தான். இந்தக் காலோடு எப்படி ஏறுவாய்? கால் சரியானதும் வாம்மா."

"அதற்குள் மழை வந்துவிடுமே, ஐயா."

"அப்படியானால் வளைச் சபையில் கேட்டுப் பார்."

வளைச் சபையில் முள்ளம்பன்றி தலையை ஆட்டியது. "மழை வந்தால் வளைக்குள் தண்ணீர் ஏறும். மற்றவர்கள் ஓடிப் பிழைப்பார்கள். நீ சின்னக் குட்டிகளை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்? மரத்தில் வாழ்கிறவர்களுக்கு வளை தரும் வழக்கமும் எங்களிடம் இல்லை. பொந்துச் சபைக்குப் போ."

"அங்கிருந்துதான் வருகிறேன், அண்ணா."

"அப்படியா? நல்லவர்கள்தான். இன்னொரு தரம் கேட்டுப் பார்."

அணிலுக்கு அழுகை வந்தது. அழுது முடித்ததும் கோபம் வந்தது. கோபத்தோடு யோசனையும் வந்தது.

ஆற்றோரத்தில் ஒரு கிழட்டு மருத மரம் நின்றது. அதன் உள்ளெல்லாம் உளுத்துக் கூடாகிவிட்டது அணிலுக்குத் தெரியும்.

மறுநாள் மரங்கொத்தியிடம், "ஐயா, அந்த மருத மரத்தில் ஒரு பொந்து குடைந்து தாருங்கள். ஏறுவது என் பாடு" என்றது. பிறகு முள்ளம்பன்றியிடம், "அண்ணா, அந்த மருத மரத்து வேரடியில் ஒரு வளை தாருங்கள். தண்ணீர் வந்தால் அது என் பாடு" என்றது.

இரண்டுக்கும் இளகிய மனசு. உடனே வேலையைத் தொடங்கின. மேலே டொக் டொக் என்று சத்தம் கேட்டும் முள்ளம்பன்றி நிமிரவில்லை. கீழே மண் பறந்தும் மரங்கொத்தி குனியவில்லை. அடுத்த சபையின் வேலையை எட்டிப் பார்ப்பது இரண்டுக்கும் கௌரவக் குறைச்சல்.

மூன்றாம் நாள், வளை மரத்தின் உட்கூட்டில் திறந்தது. முள்ளம்பன்றி தலையை நீட்டியதும் அதன் மூக்கின்மேல் மரத்தூள் கொட்டியது. மேலே ஓர் ஓட்டை; அதில் மரங்கொத்தியின் அலகு.

"என் சபை தரும் வீட்டில் உனக்கென்ன வேலை?"

"உன் சபையா? குடைந்தது நான் அல்லவா?"

"இரண்டு பேரும் கொஞ்சம் வழி விடுங்கள். இது என் வீடு" என்றது வளை வாசலில் நின்ற அணில். "கீழ் வாசலில் நுழைய இந்தக் கால் போதும். தண்ணீர் ஏறினால், உளுத்த மரத்தில் படிப்படியாகக் கால் வைத்து உள்ளேயே மேலே போய்விடுவேன். நீங்கள் ஆளுக்குப் பாதி வீடு வைத்திருந்தீர்கள். எனக்கு முழு வீடு வேண்டியிருந்தது. சொன்னால் சண்டை போடுவீர்கள் என்று சொல்லவில்லை. கோபமிருந்தால் திட்டுங்கள்."

இரண்டு தலைவர்களுக்கும் வெட்கமாகப் போய்விட்டது.

அன்று பிற்பகலே மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் காலையில் ஆறு கரை புரண்டு, மருத மரத்தின் வேரடி மூழ்கியது. முள்ளம்பன்றி பதறியடித்துக்கொண்டு ஓடி வந்தது. வளை வாசலே தெரியவில்லை. சேற்றில் உட்கார்ந்து அழுதேவிட்டது.

"அண்ணா, இங்கே இருக்கிறோம்" என்றது அணில் மேல் வாசலிலிருந்து. அதன் பக்கத்தில் மூன்று சின்ன மூக்குகள், துளி ஈரமில்லாமல்.

முள்ளம்பன்றி கண்ணைத் துடைத்துக்கொண்டது. மேல் கிளையில் மரங்கொத்தியும் நனைந்தபடி நின்றது. அதுவும் பயந்துதான் வந்திருந்தது.

"இதுபோல் உளுத்த மரம் வேறெங்காவது இருக்கிறதா?" என்று கேட்டது முள்ளம்பன்றி.

"ஏழு மரங்கள் தெரியும்" என்றது மரங்கொத்தி.

"மழை விட்டதும் தொடங்குவோம். நீ மேலே, நான் கீழே."

அன்றிலிருந்து அந்தக் காட்டில் சபை ஒன்றுதான்.

நீதி: நல்ல மனம் மட்டும் போதாது, நல்லவர்கள் கை சேர்ந்தால்தான் உதவி முழுமையாகும்.