விரிசல் இல்லாத விமானம்

கற்க வந்த அருளப்பனுக்குத் தலையெல்லாம் நரை. கற்றுக்கொடுத்த ரஹ்மத் நிஷாவுக்கு முப்பத்தெட்டே வயது. கடற்படையில் இதெல்லாம் நடக்கும்.

அருளப்பன் போர் விமானம் ஓட்டியவர். ஐம்பதை எட்டியதும் ஓட்டும் வேலை போய், விமானங்களைச் சோதிக்கும் வேலைக்கு வந்திருந்தார். முதல் வேலையே வம்பாகப் போயிற்று. பதினோரு வருடம் அவரே ஓட்டிய விமானத்தைப் பணியிலிருந்து விலக்கும் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவைத் தொட அவருக்கு மனசு வரவில்லை.

“மூணு நாளா சல்லடை போட்டுத் தேடிட்டேன், மேடம். ஒரு விரிசல் இல்ல. போன வாரம்கூட ஜம்முனு பறந்துச்சு. இதை எதுக்கு நிறுத்தணும்?”

நிஷா ஒரு துண்டுக் கட்டுக்கம்பியை எடுத்து நீட்டினார்.

“மடக்கி மடக்கி நிமித்துங்க சார். உடையறதுக்கு ஒரு தடவை முன்னாடி நிறுத்திடணும்.”

இதென்ன பிரமாதம் என்று அருளப்பன் ஆரம்பித்தார். பதினான்காவது தடவை கம்பி பட்டென்று இரண்டாகிவிட்டது. இன்னொன்று வாங்கினார். அது ஒன்பதிலேயே போயிற்று. மூன்றாவதை ஐந்தோடு நிறுத்திக் கீழே வைத்தார்.

“ஏன், இன்னும் தாங்குமே?”

“தாங்கும். எது கடைசித் தடவைன்னு தெரியலையே.”

“கப்பல் மேல விமானம் இறங்கும்போது எப்படி இருக்கும்?”

“தொப்புனு விழும். வால்ல இருக்கிற கொக்கி, தளத்துல கட்டியிருக்கிற வடத்துல மாட்டி வெடுக்குனு இழுத்து நிறுத்தும். எலும்பெல்லாம் ஆடிடும்.”

“இது எத்தனை தடவை அப்படி இறங்கியிருக்கு?”

“ஆயிரத்துக்கு மேல.”

சொல்லிவிட்டு அருளப்பன் விமானத்தின் வயிற்றைத் தடவிக்கொடுத்தார். கண் கலங்கியது, அதை மறைக்கவும் இல்லை.

“ஒரு மழையில, ஃப்யூல் தீர்ற நேரத்துல, என்னைக் கொண்டாந்து சேர்த்தது மேடம். இனிமே வேணாம்னு அதை நானே எழுதணுமா?”

நிஷா விமானத்தின் பதிவேட்டைப் பிரித்து அவர் முன்னால் வைத்தார்.

“இதுவரைக்கும் இதை ஓட்டினவங்க நாப்பத்தி மூணு பேர். ஒருத்தர் விடாம எல்லாரும் வீடு திரும்பியிருக்காங்க. அந்தப் பேரைக் காப்பாத்திக் குடுங்க, சார்.”