காந்தத்துக்கு ஒரு துண்டு இரும்பு

எனக்கு இதை முதலில் சொன்னது எங்கள் ஜெபக்குழு ரூபவதி அக்கா. என் கடைசி மகன் மஸ்கட்டுக்கு வேலைக்குக் கிளம்பிப் போன வாரம் அது. அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. தன் தங்கை செலினுடைய பட்டறையில் நடந்ததைச் சொன்னார்.

"எல்லாம் சரியாத்தான் மாட்டியிருக்கேன். பொறி மட்டும் வரலையே, ஏன்?" என்று கேட்டார் அருளப்பன்.

அருளப்பன் ஓய்வு பெற்ற சர்வேயர். வயது அறுபத்தாறு. செலினுக்கு நாற்பத்தொன்று. பொன்மலையில் பழைய மோட்டார் சைக்கிள்களில் பொறியை உண்டாக்குகிற மேக்னெட்டோவைச் சரிசெய்கிறவள்.

ஆனாலும் குரு அவள்தான். சீடர் அவர்தான்.

நாலு மாதத்துக்கு முன்னால் அவர் முதல் தடவை வந்தபோது கேட்ட கேள்வி வேறு.

"இந்த வண்டியில பேட்டரியே கிடையாதே. அப்புறம் எங்கேருந்தும்மா வருது நெருப்பு?"

செலின் மேசையில் கிடந்த ஒரு மேக்னெட்டோவை எடுத்தாள். அதன் வயர் முனையை அவர் கையில் கொடுத்தாள். தண்டைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள்.

அருளப்பன் துள்ளிப் போய் ஸ்டூலோடு பின்னால் நகர்ந்தார்.

"எங்கேருந்து வந்துச்சு சார்?"

"தெரியலை. ஆனா வந்துச்சு."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு திறந்து காட்டினாள். குதிரை லாடம் மாதிரி ஒரு காந்தம். அதன் இரண்டு காலுக்கும் நடுவில் செம்புக் கம்பி சுற்றிய உருளை.

"உருளை சுத்தும்போது கம்பியில கரண்ட் ஊறும். நல்லா ஊறி நிக்கிற நேரமாப் பார்த்து இந்த ரெண்டு பாயிண்டும் பட்டுன்னு விலகும். விலகுற அந்த நொடியில பிளக்ல பொறி அடிக்கும்."

"எனக்குக் கத்துக் குடு. நானே என் கையால செய்யணும்."

"எதுக்கு சார் இந்த வயசுல?"

"பிலோமியும் நானும் கல்யாணம் முடிஞ்சு கோயில்லேருந்து ஏறி வந்த வண்டி."

பிலோமி அவருடைய மனைவி. இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

செலின் சரி என்றாள்.

அவர் வீட்டிலேயே மேக்னெட்டோவைப் பிரித்தார். உருளையை மட்டும் கொண்டுவந்து, சனிக்கிழமை தோறும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பழைய கம்பியை அவிழ்த்தார். முடி மாதிரி மெல்லிய புதுக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றினார். ஒரு தடவை அறுந்தது. திரும்பவும் முதலிலிருந்து சுற்றினார்.

இடையில் ஒரு நாள் அவள் கேட்டாள். "காந்தத்தைப் பத்திரமா வச்சிருக்கீங்களா சார்?"

"கண்ணுக்கு மேலா வச்சிருக்கேன்."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை.

அவருக்கு ஒரே மகள், நிர்மலா. கரூரில் இருந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வரவேண்டியவள். வீட்டில் தாய் இல்லை. அதனால் அப்பாவைக் கரூருக்குக் கூப்பிட்டாள். நாலு மாதமாகக் கூப்பிட்டாள்.

"வண்டி ஓடட்டும்மா. அதுலயே வர்றேன்" என்பார்.

இப்போது மேக்னெட்டோவில் எல்லாவற்றையும் மாட்டிக் கொண்டுவந்திருந்தார். பொறி இல்லை.

செலின் பாயிண்டுகளுக்கு நடுவே ஊதுவத்தி பாக்கெட்டின் கண்ணாடித்தாளை விட்டு, தண்டை மெல்லத் திருப்பிப் பார்த்தாள். பாயிண்டுகள் விலகவேண்டிய நேரத்தில் தாள் நழுவி வந்தது. கம்பியைச் சோதித்தாள்.

"கம்பி நல்லாச் சுத்தியிருக்கீங்க."

அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது.

அவள் சின்ன ஸ்பானர் ஒன்றை எடுத்துக் காந்தத்தில் ஒட்டினாள். அது ஒரு நொடி நின்றது. பிறகு கீழே விழுந்தது.

"சார், காந்தத்தை எங்கே வச்சிருந்தீங்க?"

"பிலோமியோட மரப்பெட்டியில. அவ பட்டுப்புடவையில சுத்தி. பக்கத்துல ஒரு ஆணிகூட வைக்கலை. எதுவும் அதைத் தொடக் கூடாதுன்னு."

செலின் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எப்படி வச்சிருக்கீங்கன்னு நான் கேட்டிருக்கணும் சார். என் தப்பு."

"செத்துப் போச்சா?"

அவள் வாய் திறப்பதற்குள் அவர் போன் அடித்தது. அவருக்குக் காது மந்தம். எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"அப்பா, டாக்டர் வியாழக்கிழமை அட்மிட் ஆகச் சொல்லிட்டாங்க."

"அப்படியா. வண்டி இன்னும் ஓடலைம்மா."

"பஸ் ஓடுதுப்பா."

அவர் கையிலிருந்த அழுக்குத் துணியை மடித்தார்.

"நான் வந்து என்னம்மா பண்ணப் போறேன்? பத்தியம் வைக்கத் தெரியுமா? புள்ளையக் குளிப்பாட்டத் தெரியுமா? உங்கம்மா இருந்தா வேற."



"சரிப்பா. மாத்திரை போடுங்க. வைக்கிறேன்."

செலின் ஒன்றும் கேட்காத மாதிரி காந்தத்தைத் தனியே கழற்றினாள். காந்தசக்தி ஏற்றுவதற்காக, தடித்த கம்பி சுற்றிய இரண்டு இரும்புத் தூண்களின் மேல் அதைக் கவிழ்த்து வைத்தாள். பேட்டரி வயரை அவரிடம் கொடுத்தாள்.

"தொட்டு எடுங்க சார். மூணு தடவை."

அவர் சிலுவை போட்டுக்கொண்டார். தொட்டார், எடுத்தார். தொட்டார், எடுத்தார். மூன்றாவது தடவையும் தொட்டு எடுத்தார்.

"ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சு."

அவர் அவசரமாகத் தூக்கப் போனார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். மேசைக்கு அடியில் துழாவி ஒரு இரும்புத் துண்டை எடுத்தாள். காந்தத்தின் இரண்டு காலையும் சேர்த்து மறிக்கிற மாதிரி வைத்தாள். டக் என்று ஒட்டியது. அதன் பிறகுதான் கையை விட்டாள்.

"மேக்னெட்டோங்கிற வீட்டைவிட்டு வெளிய வந்த காந்தம் தனியா இருக்கக் கூடாது சார். தானாக் குறைஞ்சுபோகும். உருளையைத் திரும்ப உள்ளே விடுற வரைக்கும் இந்தத் துண்டு காந்தத்தோட வாயில இருக்கணும்."

அருளப்பன் அதை உற்றுப் பார்த்தார்.

"இந்தத் துண்டு என்ன செய்யும்?"

"ஒண்ணும் செய்யாது சார்."

"ஒண்ணும் செய்யாததை எதுக்கு வைக்கிறே?"

"கூட இருக்கணும். அவ்வளவுதான்."

அவர் அதை இழுத்துப் பார்த்தார். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். வரவில்லை.

"பழசா இருக்கேம்மா. ஒரே துரு."

"துரு இருந்தாப் பரவாயில்லை சார்."

அருளப்பன் அந்தத் துருவை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் குழாயில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

"செலினு, கரூர் பஸ் சத்திரம் பஸ் ஸ்டாண்டுலதானே நிக்கும்?"

"ஆமா சார். வண்டி?"

"அது இருக்கட்டும்."

அக்கா இதோடு நிறுத்திவிட்டார்.

உங்கள் வீட்டுக் கொல்லையில் விரல் நீளத்துக்கு இரும்புத் துண்டு ஏதாவது கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். செலின் இப்போது காந்தத்தோடு வருகிற எல்லாருக்கும் ஒன்று கொடுத்தனுப்புகிறாளாம், போதவில்லையாம். துருப்பிடித்ததாக இருந்தாலும் எடுத்து வையுங்கள்.