அரியணைக்குச் சிறை

இடுப்பு வலி மாடு மேய்க்கிறவனுக்கும் வரும், மகாராஜாவுக்கும் வரும். மகாராஜாவுக்கு வந்தால் மட்டும் யாராவது ஒருத்தன் சிறைக்குப் போக வேண்டியிருக்கும்.

செண்பகக்கோட்டை ராஜா வீரகேசரிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. "எழுந்து நடங்க மகாராஜா, சரியாப் போகும்" என்றார் அரண்மனை வைத்தியர் மருதமுத்து.

மந்திரி சூரப்பருக்கு வைத்தியரைக் கண்டாலே ஆகாது. அந்த வேலையைத் தன் மச்சானுக்கு வாங்கித் தர ஆசை. "வலியில துடிக்கிறவரை நடக்கச் சொல்றானே! இவன் தடவுற எண்ணெயாலதான் இந்த வலியே" என்று ராஜா காதில் ஓதிவிட்டார்.

ராஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இந்த வலியைக் கொடுத்தது எதுவோ யாரோ, ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாளும், சிறையில கிடக்கட்டும்! இது என் ஆணை. பிடிங்க வைத்தியனை!"

சபையில் விகடம் பேசும் அம்பலவாணன் எழுந்தான். "ஆளை மாத்திப் பிடிச்சிடக் கூடாதே மகாராஜா. போன மாசம் வேட்டைக்குப் போய்க் காடெல்லாம் சுத்தினீங்களே, வலிச்சுதா?"

"இல்லை."

"அப்பவும் இதே எண்ணெய்தானே?"

"அதேதான்."

"பின்னே எப்பதான் வலிக்குது?"

"இதோ, இந்த அரியணையில உட்கார்ந்தாத்தான். காலையில உட்கார்ந்தா பொழுது சாயுற வரைக்கும் எழுந்திருக்க விடுறீங்களா? மெத்தை வேற ஆளையே உள்ளே இழுக்குது."

"ஒண்ணு மேல ஒண்ணா மெத்தை போட்டது யாரு?"

"நம்ம சூரப்பர்தான், பாசமா!"

சூரப்பர் மெல்லத் தூணுக்குப் பின்னால் நகர்ந்தார்.

"குற்றவாளி கிடைச்சாச்சு! காவலரே, அரியணையை மெத்தையோட தூக்கி உள்ளே போடுங்க" என்றான் அம்பலவாணன்.

"அடேய், நான் எங்கே உட்கார்றது?"

"ஆணை உங்களோடது மகாராஜா! நடந்துக்கிட்டே வழக்கு கேளுங்க. கால் அலுத்தா பலகையில கொஞ்சம் உட்காருங்க."

வாக்கை மீற முடியுமா? ராஜா நடந்தார். வைத்தியர் சுடுமணல் ஒத்தடம் கொடுத்தார். மண்டலம் முடியுமுன்னே வலி போன இடம் தெரியவில்லை.

அரியணையின் விடுதலை நாள் வந்தது. "மெத்தை மூட்டையைச் சூரப்பரே தூக்கி வரட்டும்" என்றார் ராஜா.

"இடுப்பை வளைக்காதீங்க மந்திரியாரே, முழங்காலை மடக்கி, மூட்டையை உடம்போட ஒட்டித் தூக்குங்க" என்றார் மருதமுத்து.

"எனக்கே சொல்லித் தர்றியா?" சூரப்பர் வெடுக்கென்று குனிந்து இழுத்தார். இடுப்பில் 'கடக்'! குனிந்தவர் நிமிரவில்லை.

அம்பலவாணன் பதறியவன்போல ஓடி வந்தான். "அய்யய்யோ! உங்க மச்சானைக் கூட்டிவரவா?"

"அவனுக்கு என்ன வைத்தியம் தெரியும், மண்ணாங்கட்டி! மருதமுத்தய்யா, நீங்களே பாருங்க!"

ராஜா தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணனுக்குப் போட்டுவிட்டுச் சிரித்தார், இடுப்பில் கை வைக்காமலே.