மாடக்கண்ணு திறக்காத தூக்குவாளி

சத்தியம்! சத்தியம்! சத்தியம்! உள்ளங்கையில் கற்பூரத்தை ஏற்றுங்கள், அணைத்துவிட்டுச் சொல்கிறேன். இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் நாளையிலிருந்து எனக்குக் காப்பிக்குச் சர்க்கரையே வேண்டாம். சர்க்கரையை டாக்டர் போன வருஷமே நிறுத்திவிட்டார் என்பது வேறு விஷயம்.

காத்தாடிக்குளத்து ஆட்களைப் பற்றி வெளியூரில் பேசுவதெல்லாம் பொறாமை. அவர்கள் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள், அவ்வளவுதான். குழாயைப் பார்த்துக்கொள் என்றால், தண்ணீர் நிரம்பித் தெருவெல்லாம் ஓடினாலும் குழாயிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார்கள். இப்படிப்பட்ட ஊர் ஆயிரத்தில் ஒன்று. அதைத் தேடிப் பிடித்து அதன் பக்கத்தில்தான் குவாண்டம் ஆய்வுக்கூடத்தைக் கட்டினார்கள்.

ஆய்வுக்கூடத்து வாசலில் காவல், நம்ம மாடக்கண்ணு. கூட்டிப் பெருக்குவது அவன் கூட்டாளி பொன்னுப்பாண்டி. டீ கொடுப்பது மாடக்கண்ணு அக்காள் புருஷன் சொரிமுத்து. மூவரில் சொரிமுத்துதான் படித்த மேதை. பெரிய கூட்டங்களில் டீ கொடுத்தபடியே காதைக் கொடுத்து வந்தவர் அல்லவா?

உள்ளே ஒரு எந்திரம். தங்கக் குத்துவிளக்கைத் தலைகீழாகத் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். அதற்குள் இருக்கும் குளிர் ஆகாயத்திலேயே கிடையாதாம். "அவ்வளவு குளிர். ஆனா அதுல ஒரு தண்ணி பாட்டில் வைக்க விட மாட்டேங்காவ. பிறகு எதுக்குங்கேன்?" என்பான் பொன்னுப்பாண்டி. மற்ற இருவரும் தலையாட்டுவார்கள். நியாயமான கேள்விதானே.

உள்ளே இருக்கிற எல்லாருக்கும் டீ கொடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். எந்திரமும் உள்ளேதான் இருக்கிறது. சொரிமுத்து அதற்கும் ஒரு டம்ளர் வைத்தார். ஆவி பறந்தது. எங்கேயோ ஒரு மணி அடித்தது. விஞ்ஞானி நப்பின்னையம்மா தலையில் கை வைத்துக்கொண்டு ஓடிவந்தார்கள்.

"அண்ணாச்சி, இதுக்குள்ள ரொம்பச் சின்னதா ஒண்ணு இருக்கு. அது 'ஆமா'ன்னும் இருக்கும், 'இல்லை'ன்னும் இருக்கும். ரெண்டும் ஒரே நேரத்துல. பார்த்தோம்னா ஏதாவது ஒண்ணாயிடும். அப்புறம் பழசு திரும்பாது."

"நான் பார்க்கலையேம்மா. டீ தான வச்சேன்."

"சூடு பட்டாலும் பார்த்த மாதிரிதான். சத்தம் பட்டாலும் அப்படித்தான்."

"அப்ப டீ பார்த்துட்டுதா?"

அம்மா நேர்மையான மனுஷி. "ஆமா. டீ பார்த்துட்டுது" என்றார்கள்.

வாசலில் நின்ற மாடக்கண்ணு இதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டான். கேட்டதோடு போயிருந்தால் இந்தக் கதை இல்லை.

அந்த நேரத்தில் அவன் மனசு முழுக்கச் செண்பகக்கனி இருந்தாள். ஆவுடையப்பன் மகள். அப்பனும் மகளுமாகப் கருகிப்போன பம்புசெட்டு மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டுகிற பட்டறை வைத்திருந்தார்கள். அவள் செம்புக்கம்பியைச் சுற்றுகிற அழகைப் பார்ப்பதற்காகவே மாடக்கண்ணு நன்றாக ஓடுகிற மோட்டாரைத் தானே கருக்கிக் கொண்டுபோவான். சொந்த மோட்டார் தீர்ந்த பிறகு அக்கம்பக்கத்து மோட்டார்களையும் கருக்கினான். ஊரில் பாதித் தோட்டம் வாடியது. காதல் அப்படி.

கடைசியில் சொரிமுத்து போய்ப் பெண் கேட்டார். காத்தாடிக்குளத்தில் பெண் வீட்டார் வாயால் பதில் சொல்வது வழக்கமில்லை. மூடிய தூக்குவாளி ஒன்று வரும். சம்மதம் என்றால் உள்ளே அதிரசம். இல்லையென்றால் புளித்தண்ணீர். மாப்பிள்ளை கையால் திறந்து பார்த்து, கழுவி, பூச்சுற்றி, கோயில் கொடைத் திருவிழா முடிந்து பந்தல் பிரிப்பதற்குள் வாளியைத் திருப்பி அனுப்ப வேண்டும். திரும்பாவிட்டால் மாப்பிள்ளைக்கு இஷ்டமில்லை என்று அர்த்தம். அப்புறம் அந்த வீட்டு வாசலை அவன் மிதிக்கக் கூடாது.

கொடைக்குப் பந்தல்கால் நாட்டிய அன்று காலையில் ஆவுடையப்பன் வந்தார். எவர்சில்வர் வாளியை நடுவீட்டில் வைத்தார். "திறந்து பாரும்" என்று சொல்லிவிட்டு, சிரிக்காமலும் முறைக்காமலும் போய்விட்டார்.

மாடக்கண்ணு மூடியைத் தொடப் போனான்.

"தொடாதே மாப்ளே!" என்று கத்தினார் சொரிமுத்து. "இப்ப உள்ள என்ன இருக்கு?"

"அதிரசம் இல்லேன்னா புளித்தண்ணி."

"அந்த அம்மா என்ன சொன்னா? பார்க்காத வரைக்கும் ரெண்டும் இருக்கும். அப்ப இந்த நிமிஷம் ஒனக்குக் கல்யாணம் இருக்கா, இல்லையா?"

மாடக்கண்ணு கணக்குப் பார்த்தான். "இருக்கு அத்தான். இல்லாமலும் இருக்கு."

"இருக்குல்லா? கையில இருக்க கல்யாணத்தை எந்த மடையனாவது திறந்து கெடுப்பானா? திறந்து புளித்தண்ணியா ஆயிட்டா பழசு திரும்புமா?"

மாடக்கண்ணுக்கு உறைத்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று வாளியைக் கும்பிட்டுக் கையை எடுத்தான்.

அன்றிலிருந்து வாளிக்குக் காவல். வேலைக்குப் போகவில்லை. சூடு ஆகாது என்று அடுப்பு மூட்டவில்லை. சத்தம் ஆகாது என்று ஆட்டுக்கு வாயைக் கட்டினான். கோழிகளைச் சம்பந்தி வீட்டாரைப் போல மரியாதையாக வெளியே அனுப்பினான். கொடைக்கு நையாண்டி மேளம் வந்து இறங்கியதும் மூவரும் போய் மேளக்காரர் காலில் விழுந்தார்கள். அவரும் காத்தாடிக்குளத்தில் பெண் எடுத்தவர், விஷயம் சட்டென்று புரிந்துவிட்டது. கொடை முழுவதும் மேளத்தில் படாமல் காற்றில் அடித்தார். சாமியாடி முதலில் திகைத்தார். பிறகு அவரும் சலங்கையைக் கழற்றிவைத்துவிட்டு ஓசையில்லாமல் ஆடினார். சாமி காதோடு குறி சொல்லிற்று.

மறுநாள் எறும்பு வந்தது. சுவரோரம் வரிசை பிடித்து நேராக வாளிக்கு.

"அத்தான், எறும்பு பார்த்தா பார்த்த கணக்கா?"

சொரிமுத்து குனிந்து எறும்பைப் பார்த்தார். "டீயே பார்க்கும்போது எறும்பு பார்க்காதா?"

"எறும்பு வருதுன்னா உள்ள அதிரசம்னு அர்த்தமாயிருமே! விடை தெரிஞ்சு போகுமே!" என்று பதறினான் பொன்னுப்பாண்டி.

"அப்ப அது வாரதுக்கு அர்த்தம் இல்லாம ஆக்கிருவோம்" என்றார் சொரிமுத்து. ஒரு சிப்பம் வெல்லத்தை இடித்து வீடு முழுக்கத் தூவினார்கள். ஊர் எறும்பெல்லாம் வந்து சேர்ந்தது. இப்போது எந்த எறும்பு எதற்கு வந்தது என்று எவனாலும் சொல்ல முடியாது. மூவரும் உடம்பெல்லாம் சொறிந்துகொண்டு நிம்மதியாக உட்கார்ந்தார்கள்.

கொடையின் கடைசி நாள் விடிந்தது. மாடக்கண்ணு மறுபடி கணக்குப் பார்த்தான். திறந்தால் புளித்தண்ணீர் ஆகலாம். திறக்காவிட்டால் பந்தல் பிரித்ததும் செண்பகக்கனி போய்விடுவாள். "அத்தான், அவ இல்லாம நான் எந்த மோட்டாரைக் கருக்க?" என்று அழுதான்.

சொரிமுத்துக்கே மனசு இளகிவிட்டது. "ஒரு வழி இருக்கு. பாண்டி பார்க்கட்டும். பார்த்துட்டு நம்மகிட்டச் சொல்லக் கூடாது. அவனுக்கு ஒண்ணாயிரும். நமக்கு ரெண்டாவே இருக்கும். உள்ள புளித்தண்ணின்னா நம்மளைத் திறக்க விடாம தடுக்க ஒரு ஆளும் ஆச்சு."

"அவன் மூஞ்சி காட்டிக் குடுத்துருமே?" என்றான் மாடக்கண்ணு.

அதுவும் சரிதான். பொன்னுப்பாண்டி தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்து, வாளியோடு உள்ளறையில் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். மூடி திறக்கிற ஓசை. மூடுகிற ஓசை. பிறகு ஒரு சிரிப்புக் கேட்டது. சிரிப்போடு சேர்த்து "ஐயோ" என்று ஒரு அழுகை. மறுபடி சிரிப்பு. வெளியே வந்தபோதும் சாக்கு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டே அழுதது.

"பார்த்தியா மாப்ளே?" என்றார் சொரிமுத்து பயபக்தியோடு. "ரெண்டும் இருக்கு. அந்த அம்மா லேசுப்பட்ட ஆள் இல்லை."

பொன்னுப்பாண்டி என்னவோ சொல்ல வாயெடுத்தான். சாக்கோடு சேர்த்து வாயையும் கட்டிவிட்டார்கள்.

பந்தல்காரர்கள் முதல் கயிற்றை அவிழ்க்கும்போது வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. செண்பகக்கனி. கையில் இன்னும் செம்புக்கம்பி. "ஏய்யா, வாளி ஏன் திரும்பல? பிடிக்கலைன்னா வாயத் திறந்து சொல்ல வேண்டியதுதான?"

மாடக்கண்ணு படக்கென்று இரண்டு கண்ணையும் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினான். அவள் முகத்தைப் பார்த்தால் பதில் தெரிந்துவிடுமே! "ஒண்ணும் சொல்லாத தாயி! கல்யாணம் இருக்கு, கெடுத்துராத!"

அதே நேரத்தில் நப்பின்னையம்மாவின் காரும் வந்தது. காவலாளி இல்லாத ஆய்வுக்கூடத்துக்குள் எருமை ஒன்று புகுந்து எந்திரத்தைப் பார்த்துவிட்டதாம். கோபமாக வந்த அம்மா, சாக்கு கட்டிய ஆளையும் வாய் கட்டிய ஆட்டையும் சுவரைப் பார்த்து நின்ற மாடக்கண்ணையும் பார்த்து, கோபத்தை எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நின்றார்கள். சொரிமுத்து நடந்ததைச் சொன்னார்.

"ஐயையோ அண்ணாச்சி! அது கண்ணுக்கே தெரியாத சின்னச் சாமானுக்குத்தான். வாளி பெரிசு. காத்து, சூடு, எறும்பு எல்லாம் எப்பவோ பார்த்து முடிச்சாச்சு. உள்ள ஏதாவது ஒண்ணுதான் இருக்கும்."

"எவ்வளவு பெரிசானா பெரிசும்மா? உழக்கா? நாழியா?"

"அது... அதுல எங்களுக்குள்ளேயே இன்னும் சண்டை நடக்குது."

"பார்த்தது யாருன்னா கணக்கு? டீயா, எறும்பா, பாண்டியா?"

"அதுலயும்தான்."

சொரிமுத்து மாடக்கண்ணைத் திரும்பிப் பார்த்தார். படித்தவர்களிடம் இதற்கு மேல் கேட்பது அவருக்கே பாவமாக இருந்தது.

"நானே காட்டுறேன்" என்று அம்மா மூடியைத் திறந்தார்கள். திறந்தவர்கள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

வாளிக்குள் புளித்தண்ணீர். புளித்தண்ணீரில் அதிரசம் மிதந்துகொண்டிருந்தது.

"அப்பா வேண்டாம்னாரு, அம்மா குடுக்கலாம்னா" என்றாள் செண்பகக்கனி. "ரெண்டு பேரும் விட்டுக் குடுக்கல. ரெண்டையும் போட்டாவ."

"பார்த்தும் ரெண்டாவே இருக்கு!" என்றார் சொரிமுத்து. "ஒங்க எந்திரத்துல கண் இமைக்கிற நேரம் நிக்க மாட்டேங்குது. எங்க வாளியில கொடை முழுக்க நின்னுருக்கு."

"இது கலவை அண்ணாச்சி. ரெண்டும் கலந்திருக்கறது வேற, ரெண்டாவும் இருக்கறது வேற."

"என்ன வேற?"

அம்மா எருமையைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள்.

செண்பகக்கனி ஒரு அதிரசத்தை எடுத்துப் புளித்தண்ணீரை உதறிக் கடித்தாள். "அப்பா வேண்டாங்காரு, அம்மா வேணுங்கா. என்னை எவனும் கேக்கல. ஊர் மோட்டாரெல்லாம் எனக்காகக் கருக்கின ஆளு எங்க கிடைப்பான்? எனக்குச் சம்மதம். கண்ணுலருந்து கையை எடும்யா." மாடக்கண்ணு கையை எடுத்துப் பார்த்தான். அந்தச் சிரிப்பை அவன் வருணிக்க வேண்டுமென்றால் கம்பிச் சுருளைத்தான் காட்டுவான்.

ஆவுடையப்பனும் மகள் சொல்லுக்கு இறங்கிவர, அவிழ்த்த பந்தலை மறுபடி கட்டி அதிலேயே கல்யாணம். வழக்கப்படி பூச்சுற்றிய வாளியும் மணையில், பெண்ணுக்குப் பக்கத்தில். முகூர்த்தம் நெருங்கும்போது சொரிமுத்துக்குத் திடீரென்று ஒரு சந்தேகம். "பாதி அதிரசம், பாதி புளி. தராசு முள்ளு மாதிரி நடுவுல நிக்கிற கல்யாணம் இது. முடிச்சு விழுற நேரத்துல ஊரே பார்த்தா புளிப்பக்கம் சாஞ்சுட்டா?" உடனே மைக்கில் அறிவித்தார். ஊரே கண்ணை மூடியது. ஐயர் மூடினார். மேளக்காரர் மூடிக்கொண்டு காற்றில் அடித்தார். மாடக்கண்ணு இறுக்கி மூடினான்.

சரியாக அந்த நேரத்தில் பந்தலுக்குப் பின்னால் ஜெனரேட்டர் இருமியது. மோட்டார் இருமினால் செண்பகக்கனியால் உட்கார்ந்திருக்க முடியாது. எழுந்து போனாள்.

மாடக்கண்ணு தடவித் தடவி மூன்று முடிச்சும் போட்டான். கழுத்து சில்லென்று இருந்தது. புதுப்பெண் அல்லவா, பயத்தில் சில்லிட்டிருக்கும் என்று மனசுக்குள் தேற்றினான். கண்ணைத் திறந்தபோது தாலி வாளியின் கழுத்தில் இருந்தது.

ஊர் கூடிப் பேசியது. ஆவுடையப்பன்தான் தீர்ப்புச் சொன்னார்: "விழுந்த முடிச்சு விழுந்ததுதான். பழசு திரும்பாது."

செண்பகக்கனி, கையில் ஜெனரேட்டர் மசியோடு, வாளியை ஒரு பார்வை பார்த்தாள். "இன்னொரு தாலி கொண்டாங்க. கண்ணைத் திறந்துக்கிட்டுக் கட்டும்யா" என்றாள். கட்டினான். ஆக, அவள் இரண்டாம் தாரம். வாளிதான் மூத்தாள்.

இன்றைக்கும் தீபாவளிக்கு வாளிக்கு ஒரு சேலை உண்டு. நப்பின்னையம்மா ஆராய்ச்சிக்கு அதைக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். மூத்த சம்சாரத்தை ராத்தங்க வெளியே அனுப்புகிற வழக்கம் இல்லை என்று மாடக்கண்ணு மரியாதையாக மறுத்துவிட்டான். வீட்டில் சண்டை வந்தால் செண்பகக்கனி, "போய் ஒம்ம மூத்தாகிட்டச் சோறு கேளும்" என்பாள். அவனும் போய் வாளிக்கு முன்னால் இலை போட்டு உட்காருவான். மூடியை மட்டும் திறக்க மாட்டான். திறக்காத வரைக்கும் உள்ளே சோறு இருக்கிறது அல்லவா? பாதி வயிறு நிறைந்தவனாக எழுந்து கை கழுவுவான்.

இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஆனால் யார் சொன்னதென்று மட்டும் மூச்சு விடாதீர்கள். மூத்தாள் காதுக்குப் போனால் வருத்தப்படுவாள். யாராவது நெருக்கிக் கேட்டால், கேட்கும்போது கண்ணை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொல்லிவிடுங்கள். அப்படியானால் சொன்னது நானாகவும் இருக்கலாம், நானாக இல்லாமலும் இருக்கலாம்.